கதை இருக்கிறது, படம் இல்லை: லூபிட்ஷின் தொலைந்துபோன மௌன நகைச்சுவை

'நூறு வருஷம் முன்பு தொலைந்த படம் கிடைத்தது' என்று அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் படித்தவுடன் சில சந்தேகங்கள் எழும். ஊர் ஊராக ஓடிக் காசு பார்த்த படம் எப்படிக் காணாமல் போகும்? எடுத்த நிறுவனத்திடமே ஒரு பிரதிகூட இருக்காதா? ஒரு நாடகத்தைத் தழுவி எடுத்த படமென்றால், அந்த நாடகம்தான் புத்தகமாகக் கிடைக்கிறதே, அப்புறம் என்ன பெரிய இழப்பு?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் 'கிஸ் மி அகெய்ன்'. ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் இயக்கி, வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1925 ஆகஸ்டில் வெளியிட்ட மௌன நகைச்சுவை. மூலம் ஒரு பிரெஞ்சு மேடை நாடகம். இன்று அந்தப் படத்தின் பிரதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

'தொலைந்த படம்' என்றால் என்ன?

ஆவணக்காப்பகங்களில் இந்தச் சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. உலகில் அறியப்பட்ட எந்தக் காப்பகத்திலும், எந்தச் சேகரிப்பாளரிடமும் ஒரு படத்தின் பிரதி இல்லையென்றால் அது தொலைந்த படம். 'தேடிய இடங்களில் இல்லை' என்பதுதான் இதன் அர்த்தம். அழிந்துவிட்டது என்று யாரும் சான்றிதழ் தருவதில்லை. அதனால்தான் சில படங்கள் திரும்பி வருகின்றன.

அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்காகத் திரைப்பட வரலாற்றாளர் டேவிட் பியர்ஸ் தயாரித்த ஆய்வு 2013இல் வெளியானது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான முழுநீள மௌனப் படங்கள் 10,919 என்று அது கணக்கிட்டது. அவற்றின் நிலை இது:

1. வெளியான வடிவத்திலேயே 35 மில்லிமீட்டர் பிரதியாக இருப்பவை 1,575. அதாவது 14 சதவீதம்.

2. வெளிநாட்டில் ஓடிய வடிவமாகவோ, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்காக 16 மில்லிமீட்டர் போன்ற சிறிய அளவில் எடுத்த நகலாகவோ மட்டும் இருப்பவை 11 சதவீதம்.

3. சில ரீல்கள் போய், குறையாகக் கிடைப்பவை 5 சதவீதம்.

4. மீதி 70 சதவீதம் தொலைந்தவை.

லூபிட்ஷ் வார்னர் நிறுவனத்துக்கு எடுத்த மௌனப் படங்கள் ஐந்து: 'தி மேரேஜ் சர்க்கிள்', 'த்ரீ விமன்' (இரண்டும் 1924), 'கிஸ் மி அகெய்ன்', 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்' (இரண்டும் 1925), 'சோ திஸ் இஸ் பாரிஸ்' (1926). பொதுக் கணக்கோடு ஒப்பிட்டால் இவருக்கு யோகம்தான். ஐந்தில் நான்கு இருக்கின்றன, நடுவில் உள்ள ஒன்றுதான் இல்லை. அந்த நான்கும் இருப்பதால்தான் இல்லாத ஒன்றில் என்ன போயிற்று என்று ஓரளவு சொல்ல முடிகிறது.

மேடையில் இருந்த கதை

மூல நாடகத்தின் பெயர் 'திவோர்சோன்'. 'விவாகரத்து செய்துகொள்வோம்' என்று பொருள். விக்டோரியன் சார்து, எமில் தெ நஜாக் இருவரும் சேர்ந்து எழுதியது. 1880 டிசம்பரில் பாரிஸின் பலே ருவாயால் அரங்கில் முதலில் மேடையேறியது.

அதன் நகைச்சுவைக்குப் பின்னால் ஒரு சட்ட விவகாரம் இருக்கிறது. பிரான்சில் 1816இல் விவாகரத்து ஒழிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அல்ஃப்ரெட் நாக்கே என்ற அரசியல்வாதி விடாமல் போராடிக்கொண்டிருந்தார். 1884இல்தான் சட்டம் வந்தது. நாடகம் எழுதப்பட்டபோது 'வருமா வராதா' என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

கதாநாயகி சிப்ரியென் கணவன் மீது சலித்துப்போனவள். கணவனின் உறவுக்காரன் அதேமார் அவள் பின்னால் சுற்றுகிறான். சட்டம் நிறைவேறிவிட்டது என்று பொய்த் தந்தி ஒன்றை வரவழைக்கிறான். கணவனுக்குத் தந்தி பொய் என்று புரிந்துவிடுகிறது. ஆனாலும் கோபப்படாமல், 'சரி, தாராளமாகப் பிரியலாம், நீ அவனையே கட்டிக்கொள்' என்று சம்மதிக்கிறான். அந்த நிமிஷமே காட்சி மாறிவிடுகிறது. திருட்டுத்தனம் போனவுடன் காதலனின் கவர்ச்சியும் போய்விடுகிறது. அவன்மேல் இப்போது வரப்போகும் கணவனின் வாடை அடிக்கிறது. பழைய கணவனோ 'இன்னொருத்தன்' ஆகிவிடுகிறான். கடைசியில் சொந்தக் கணவனோடு ஒரு உணவகத்தின் தனியறையில் ரகசியமாக அவள் விருந்து சாப்பிட, காதலன் மழையில் நனைந்துகொண்டு தேடி அலைகிறான்.

கச்சிதமான கதை. பல நாடுகளில் பல மொழிகளில் நடிக்கப்பட்டது. நாடகப் பிரதி அச்சில் இருக்கிறது, இன்றும் படிக்கலாம். ஆனால் இந்த நாடகத்தில் நகைச்சுவை ஓடுவது பேச்சில். கணவனும் மனைவியும் மாறி மாறிப் பேசும் நீண்ட உரையாடல்தான் இதன் உயிர். மௌனப் படத்தில் பேச்சு கிடையாது. காட்சிக்கு நடுவே வரும் டைட்டில் கார்டில் நாலு வரி காட்டலாம், அவ்வளவுதான். அப்படியானால் லூபிட்ஷ் என்ன செய்திருப்பார்?

வார்த்தையை எடுத்துவிட்டு எதை வைத்தார்?

அப்போது பலர் செய்த வழி, நல்ல வசனங்களைப் பொறுக்கி டைட்டில் கார்டில் ஏற்றுவது. பார்வையாளர் பாதி நேரம் படித்துக்கொண்டிருப்பார். லூபிட்ஷ் அந்த வழிக்குப் போகவில்லை. இதற்கு வலுவான சாட்சி 'லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்'. ஆஸ்கர் வைல்டின் நாடகம், வரிக்கு வரி மேற்கோள் காட்டத்தக்க வசனம். லூபிட்ஷ் அந்தப் புகழ்பெற்ற வாக்கியங்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டார்.

அதற்குப் பதில் நாடகத்தில் இல்லாத ஒரு குதிரைப் பந்தயக் காட்சியை வைத்தார். ஊர் வாயில் விழுந்த பெண்ணான மிஸஸ் எர்லின் பார்வையாளர் மாடத்தில் வந்து உட்காருகிறாள். குதிரைகளைப் பார்க்கக் கொண்டுவந்த பைனாகுலர்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்புகின்றன. ஒவ்வொரு கண்ணாடி வழியாகத் தெரிவதையும் நமக்குக் காட்டுகிறார். அவள் கழுத்து, அவள் பின்தலை, அவள் கைவிரல். வம்பு என்றால் என்ன என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிவிட்டார்.

இன்னொரு உதாரணம் 'தி மேரேஜ் சர்க்கிள்'. இதுவும் ஒரு மேடை நாடகத்தின் தழுவல். தொடக்கத்தில் கணவனாக வரும் அடால்ஃப் மென்ஜூ காலையில் காலுறை மாட்டுகிறார், விரல் பக்கம் ஓட்டை. தன் இழுப்பறையைத் திறக்கிறார், அது கிட்டத்தட்ட காலி. மனைவியின் இழுப்பறையைத் திறக்கிறார், அடுக்கடுக்காகப் புதுக் காலுறைகள். அந்த வீட்டில் யார் யாரை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. நாடகத்தில் இதைச் சொல்ல இரண்டு பக்க வாக்குவாதம் வேண்டும்.

அந்த மனைவியாக நடித்தவர் மேரி பிரிவோ. அதே படத்தில் இன்னொரு கணவனாக வந்தவர் மான்டி புளூ. இவர்கள் இருவரும்தான் 'கிஸ் மி அகெய்ன்' படத்தின் கணவன் மனைவி. மனைவி மயங்கும் பியானோ கலைஞனாக ஜான் ரோச், வழக்கறிஞரின் அலுவலகப் பெண்ணாக கிளாரா போ. கிளாரா போவுக்கு அப்போது இருபது வயது. அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோன 'இட்' 1927இல்தான் வெளிவந்தது.

இப்போது மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லலாம். நாடகத்தின் வசனத்தை அப்படியே படமாக்கிய ஒருவரின் படம் தொலைந்தால், நாடகப் பிரதியை வைத்து ஓரளவு ஈடுகட்டலாம். வசனத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பார்வையிலும் பொருளிலும் படம் எடுத்த ஒருவரின் படம் தொலைந்தால், நாடகப் பிரதி உதவாது. அவர் எதை விட்டாரோ அது நம்மிடம் இருக்கிறது, எதைச் சேர்த்தாரோ அது இல்லை.

எப்படிக் காணாமல் போகிறது?

'தீப்பிடித்து எரிந்துவிட்டது' என்று ஒற்றை வரியில் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியவை.

1. ஃபிலிமின் இயல்பு. அன்றைய ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். 1937 ஜூலையில் நியூ ஜெர்ஸியின் லிட்டில் ஃபெரி என்ற ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அதன் மௌனப் படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. தீயே படாவிட்டாலும் நைட்ரேட் தானாகச் சிதையும். முதலில் உருவம் வெளிறும். பிறகு சுருள் பிசுபிசுப்பாகி ஒன்றோடொன்று ஒட்டும், தேன் நிறத்தில் நுரை கிளம்பும். அப்புறம் முழுச் சுருளும் ஒரே கட்டியாக இறுகும். கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள். குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்தால் இதைப் பல பத்தாண்டுகள் தள்ளிப்போடலாம். அதற்குச் செலவாகும்.

2. செலவு செய்ய யாருக்கும் காரணம் இல்லை. அன்று தொலைக்காட்சி இல்லை, மறுவெளியீடு அபூர்வம். ஓடி முடிந்த படம் இடத்தை அடைத்துக்கொண்டு ஆபத்தும் தரும் சரக்கு. விநியோகஸ்தர்கள் பிரதிகளைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அழிக்க வேண்டும். ஃபிலிமில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றால் கொஞ்சம் காசு வரும். 1948இல் யூனிவர்சல் நிறுவனம் தன்னிடம் மிஞ்சியிருந்த மௌனப் படங்களைத் தானே அழித்தது.

3. பேசும் படம் வந்தது. 1927க்குப் பிறகு இரண்டே வருஷத்தில் மௌனப் படம் பழைய சாமான் ஆகிவிட்டது. இதில் அதிகம் அடிபட்டவை நாடகத் தழுவல்கள் என்பது என் கணிப்பு. சாப்ளின், கீட்டன் போன்றவர்களின் உடல்மொழி நகைச்சுவைக்குப் பேச்சு தேவைப்படவில்லை, அவற்றுக்கு மதிப்பு குறைந்தாலும் மறதி வரவில்லை. நாடகத் தழுவலோ 'இதைப் பேச்சோடு எடுத்தால் இன்னும் நன்றாக இருக்குமே' என்று எல்லோரையும் நினைக்க வைத்தது. கதையின் உரிமை கையில் இருந்தால் திரும்ப எடுத்துவிடலாம். திரும்ப எடுத்த பிறகு பழையதை யார் தேடுவார்கள்?

4. சட்டப்படி சேமிக்கும் இடமும் இல்லை. படத்தின் காப்புரிமையைப் பதிவு செய்தால் ஒரு பிரதி அரசு நூலகத்தில் இருக்கும் என்று நினைப்போம். 1912க்கு முன் சட்டத்தில் சினிமாவுக்குத் தனி இடம் இல்லாததால், படங்களைப் புகைப்படம் என்று சொல்லிக் காகிதச் சுருளில் அச்சடித்துப் பதிந்தார்கள். அந்தக் காகிதம் பிழைத்தது. அதனால் மிகப் பழைய குறும்படங்கள் பல இன்று இருக்கின்றன. 1912இல் சட்டம் திருந்திய பிறகு கதைச் சுருக்கம் போன்ற எழுத்து ஆவணங்களை வைத்துக்கொண்டு பிரதியை நிறுவனத்திடமே திருப்பித் தந்துவிட்டது நூலகம். 1942 வரை இதுதான் நடைமுறை.

நான்கையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு படம் தொலைவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிழைப்பதற்குத்தான் யாராவது ஏதாவது செய்திருக்க வேண்டும்.

ஒரே நாடகம், மூன்று படங்கள்

திரும்ப எடுக்கும் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு அதே வார்னர் நிறுவனத்திலிருந்தே ஒரு உதாரணம் காட்டலாம். ஏவரி ஹாப்வுட் எழுதிய 'தி கோல்ட் டிக்கர்ஸ்' நகைச்சுவை நாடகம் 1919இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் மேடையேறிப் பெரிய வெற்றி பெற்றது. பணக்காரர்களை வளைத்துப் போடும் பெண்ணைக் குறிக்கும் 'கோல்ட் டிக்கர்' என்ற சொல்லைப் பரவலாக்கியதில் இதற்குப் பங்கு உண்டு.

இதை வார்னர் பத்து வருஷத்தில் மூன்று முறை படமாக்கியது. 1923இல் ஹாரி பியூமான்ட் இயக்கத்தில் மௌனப் படம். 1929இல் பாட்டும் பேச்சுமாக, டெக்னிகலர் வண்ணத்தில் 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் பிராட்வே'. 1933இல் பஸ்பி பெர்க்லியின் நடனக் காட்சிகளோடு 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933'.

இன்றைய நிலையைப் பாருங்கள். 1933 படம் முழுசாக இருக்கிறது. 1929 படத்தின் ஒலி முழுசாக இருக்கிறது, காட்சியில் பெரும்பகுதி இல்லை. காரணம், அப்போது ஒலியை ஃபிலிமில் பதியாமல் விட்டாஃபோன் என்ற முறையில் 16 அங்குல இசைத்தட்டில் தனியாகப் பதிந்தார்கள். தட்டுக்கு நைட்ரேட் நோய் கிடையாது. பாட்டு கேட்கிறது, பாடுகிறவர்களை அதிகம் பார்க்க முடியவில்லை. 1923 மௌனப் படம் வெகுகாலம் தொலைந்த படங்களின் பட்டியலில் இருந்தது. 2021இல் இங்கிலாந்தில் ஒரு பிரதி அகப்பட்டது. குறைப் பிரதிதான், ஆனாலும் இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

'கிஸ் மி அகெய்ன்' படத்துக்கும் ஒரு மறுவடிவம் உண்டு. அதே நாடகத்தை லூபிட்ஷே 1941இல் 'தட் அன்சர்ட்டன் ஃபீலிங்' என்று பேசும் படமாக எடுத்தார். கதை நியூயார்க்குக்கு வந்துவிட்டது. மனைவிக்கு விக்கல், அதற்காக மனநல மருத்துவரிடம் போகிறாள், அங்கே ஒரு பியானோ கலைஞனைச் சந்திக்கிறாள். ஆரம்பத்தில் கேட்ட கேள்வி இங்கே திரும்ப வரும்: இதைப் பார்த்தால் போதாதா? போதாது. பதினாறு வருஷத்தில் நடிகர்கள், நாடு, பேச்சு எல்லாம் மாறிவிட்டன. ஆனால் ஒரு தடயம் மட்டும் இருக்கிறது. சார்துவின் நாடகத்தில் காதலன் பியானோ கலைஞன் இல்லை. 1925 படத்தில்தான் இசைக்காரன் ஆனான். 1941 படத்தில் அந்தக் கலைஞனாக வரும் பர்கெஸ் மெரிடித் பியானோ முன் உட்காரும்போது, நாம் பார்க்க முடியாத படத்தின் நிழல் அங்கே கொஞ்சம் விழுகிறது.

திரும்பி வரும் வழிகள்

கிடைத்த படங்கள் எங்கே கிடைத்தன என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. பிரதிகள் பயணம் முடித்த கடைசி ஊர்களில்தான் அவை மிஞ்சியிருக்கின்றன. திருப்பி அனுப்பக் கப்பல் கூலி கட்டுப்படியாகாது, அங்கேயே போட்டுவிடுவார்கள். 1978இல் கனடாவின் வடகோடியில் டாசன் சிட்டியில், மூடப்பட்ட நீச்சல் குளத்தை நிரப்பப் பயன்பட்ட 533 ரீல்கள் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்தன. நிலம் உறைந்திருந்ததே குளிர்ப்பெட்டி ஆயிற்று. நியூசிலாந்தின் காப்பகத்தில் அமெரிக்காவிலேயே இல்லாத அமெரிக்கப் படங்கள் பல இருந்தன, ஜான் ஃபோர்டின் 1927 படமான 'அப்ஸ்ட்ரீம்' அவற்றில் ஒன்று. லூபிட்ஷின் முதல் அமெரிக்கப் படமான 'ரொஸிட்டா'வே சோவியத் நாட்டில் தங்கிப்போன பிரதியால்தான் பிழைத்தது. அதைச் சீரமைத்து 2017இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள்.

கிடைத்தாலும் அது என்ன படம் என்று தெரிய வேண்டுமே. ஒரு சுருளின் வெளிச்சுற்றுதான் முதலில் கெடும். படத்தின் பெயர் இருப்பதும் அங்கேதான். வெளிநாட்டுப் பிரதியில் பெயரும் டைட்டில் கார்டுகளும் வேறு மொழியில் இருக்கும். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் வர்ஜீனியாவின் கல்பெப்பர் நகரில் 2012 முதல் இதற்காகவே ஒரு கூட்டம் நடத்தியது. பெயர் தெரியாத துண்டுகளைத் திரையில் ஓட்டுவார்கள். அரங்கில் இருக்கும் ஆராய்ச்சியாளர்களும் ரசிகர்களும் காரின் மாடல், கடைப் பலகை, தொப்பியின் வடிவம், துணை நடிகரின் முகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகச் சொல்வார்கள். பல படங்களுக்கு அப்படிப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது.

இன்றைய நிலை

1925இல் அமெரிக்காவில் வெளியான படங்களின் காப்புரிமை 2021 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஆகவே 'கிஸ் மி அகெய்ன்' இப்போது அங்கே பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், பதிவேற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். திரையிட ஒரு பிரதிதான் வேண்டும்.

பழைய ஃபிலிம் டப்பா ஒன்று எங்காவது ஒரு பரணில் திறக்கப்பட்டால் பார்க்க வேண்டியவை இவை. ஃபிலிமின் ஓரத்தில் கோடக் நிறுவனம் வட்டம், சதுரம், முக்கோணம் என்று சிறு குறிகள் அச்சிடும், அவை தயாரித்த ஆண்டைச் சொல்லும். அது 1925ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு பாரிஸ் வீட்டின் வரவேற்பறை. பியானோ வாசிக்கும் இளைஞன், அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் மேரி பிரிவோ. அலுத்துப்போய் நிற்கும் உயரமான கணவன். வழக்கறிஞரின் அலுவலகக் காட்சியில் பெரிய கண்களோடு ஒரு பெண் இருந்தால், அவள் கிளாரா போ.